நேரம் ஒதுக்கச் சொல்வதை எங்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்

சபைகளை நடத்தும் போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், கமிட்டி உறுப்பினர்களுக்கும் அன்பின் ஸ்தோத்திரங்கள்.

பெண்கள் கூட்டம் என்றால் தலைப்பு எதுவாக இருந்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள். போனைக் குறையுங்கள். நாளின் முதல் நேரம் கர்த்தருக்கு. அப்புறம், உடம்பையும் கவனித்துக்கொள்ளுங்கள், அது தேவனுடைய ஆலயம். நாங்களும் தலையாட்டுவோம். அந்த நேரத்தில்தான் மடியில் கிடக்கும் போன்கள் ஒவ்வொன்றாக அதிர ஆரம்பிக்கும். "எப்ப வருவே?" "சின்னவனோட சாக்ஸ் எங்கே இருக்கு?" "அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை எது, வெள்ளையா மஞ்சளா?" முடிவு ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கண்ணை மட்டும் திறந்து "வெள்ளை" என்று டைப் அடிக்கும் பெண்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் 'நேரம் ஒதுக்குங்கள்' என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது, நிறையக் கோபம் வருகிறது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு பெண் அரை மணி நேரம் வேதத்தோடு உட்கார வேண்டும், அல்லது சும்மா காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்றால், அந்த அரை மணி நேரத்து வேலையை இன்னொருவர் கையில் எடுக்க வேண்டும். அந்த இன்னொருவரைப் பற்றி நீங்கள் பிரசங்கம் செய்வதில்லை. பெரும்பாலும் அவரும் அதே சபையில்தான், நாலு வரிசை தள்ளி, உட்கார்ந்திருக்கிறார்.

இது எங்கள் வீட்டுப் புலம்பல் மட்டும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும், பிள்ளைகள், முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்கும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 1 மணி 23 நிமிடம். உலகம் முழுவதற்குமான சராசரி இது. இடையில் மூன்று மணி நேரம் இருக்கிறது. தினம் தினம் மூன்று மணி நேரம்! அதில் பாதி திரும்பக் கிடைத்தால்கூட ஜெபிக்கலாம், நடக்கலாம், டாக்டரைப் பார்க்கலாம், மிச்சத்தில் தூங்கவும் செய்யலாம். எதை எப்போது வாங்க வேண்டும், யாருக்கு எந்தத் தேதியில் ஊசி, பள்ளியில் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் பட்டியல் இந்தக் கணக்கில் சரியாக விழுவதும் இல்லை. அந்தப் பட்டியல் ஜெபத்தின்போதும் ஓடுகிறது. 'ஜெபிக்கும்போது மனம் அலைபாய்கிறது' என்று பெண்கள் உங்களிடம் வந்து சொன்னால், சாத்தானைக் கடிந்துகொள்வதற்கு முன்னால் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் விசாரியுங்கள்.

'அரை மணி முன்னால் எழு' என்ற ஆலோசனைக்கு வருகிறேன். அந்த அரை மணி வேறெங்கிருந்தும் வருவதில்லை, தூக்கத்திலிருந்துதான் வருகிறது. வளர்ந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ நிபுணர்களின் அமைப்புகள் 2015இல் ஒருமித்துச் சொல்லிவிட்டன. அதைவிடக் குறைவாகவே தொடர்ந்து தூங்கினால் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதும் அதோடு சேர்ந்த செய்தி. வேதத்திலேயே இதற்கு ஆதரவு இருக்கிறது. அதிகாலையில் எழுந்து இரவு வெகுநேரம் வரை உழைப்பதெல்லாம் வீண், தமக்குப் பிரியமானவர்களுக்குக் கர்த்தர் தூக்கத்தைத் தருகிறார் என்று 127ஆம் சங்கீதம் சொல்கிறது. இதைப் பெண்கள் ஞாயிறு ஆராதனையில் ஒரு தடவையாவது வாசித்துப் பாருங்களேன். அன்றைக்கு வாசிப்பது எப்போதும் நீதிமொழிகள் 31தானே.

அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. குணசாலியான ஸ்திரீ இருட்டோடே எழுந்திருக்கிறாள், இரவிலும் அவள் விளக்கு அணைவதில்லை. சரி. எப்போதுதான் தூங்கினாள் என்று யாரும் கேட்பதில்லை. அவள் இருட்டோடே எழுந்து வீட்டாருக்கு ஆகாரம் கொடுப்பதைச் சொல்லும் அதே வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் என்ற விவரமும் இருக்கிறது. வேலைக்காரிகள், பன்மையில்! அந்த வார்த்தையைப் பிரசங்கத்தில் யாரும் நிறுத்தி வாசித்து நான் கேட்டதில்லை. அவள் தனக்கென்று அழகான விரிப்புகளைச் செய்துகொண்டாள், விலையுயர்ந்த உடை உடுத்தினாள் என்றும் எழுதியிருக்கிறது. அதுவும் காதில் விழுவதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தப் பகுதி, 10ஆம் வசனத்திலிருந்து 31ஆம் வசனம் வரை, எபிரெய மொழியின் 22 எழுத்துகளில் வரிசையாகத் தொடங்கும் 22 வசனங்கள் கொண்ட கவிதை. அகரத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரு பெண்ணைப் புகழ்ந்து முடிக்கிற பாட்டு. யூதக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் தொடங்கும்போது கணவன் மனைவியைப் பார்த்து இதைப் பாடும் வழக்கம் இருக்கிறது. நன்றி சொல்ல அவன் பாட வேண்டிய பாட்டை, அவள் முடிக்க வேண்டிய வேலைப் பட்டியலாக மாற்றிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. திருத்த வேண்டிய பொறுப்பு இன்றைக்குப் பிரசங்க பீடத்தில் நிற்கிற உங்களுக்கு இருக்கிறது.

மார்த்தாள், மரியாள் கதையும் அப்படித்தான். மரியாள் இயேசுவின் பாதத்தில் உட்கார்ந்தாள், மார்த்தாள் வேலையில் வருத்தப்பட்டாள், மரியாளைப்போல் இருங்கள் என்று முடிப்பீர்கள். ஆராதனை முடிந்ததும் குவளைகளைக் கழுவப் பின்கட்டுக்குப் போகிறவர்கள் அந்தப் பிரசங்கத்தைக் கேட்ட பெண்கள்தான். எல்லாருமே மரியாளாகிவிட்டால் குவளைகளை யார் கழுவுவது என்பதற்குப் பிரசங்கத்தில் பதில் இல்லை. அந்தச் சகோதரிகளுக்கு லாசரு என்று ஒரு சகோதரன் இருந்ததாக யோவான் சொல்கிறார். லூக்கா எழுதியிருக்கும் இந்தக் காட்சியில் அவன் பேச்சையே காணோம். என்றைக்காவது ஒரு போதகர் 'லாசரு எங்கே போனான்?' என்று தலைப்பு வைத்துப் பேசினால் முதல் வரிசையில் வந்து உட்காருவேன்.

அன்னாளைப் பற்றியும் நிறையக் கேட்டிருக்கிறோம். பிள்ளையில்லாத அவள் சீலோ ஆலயத்தில், மகன் பிறந்தால் கர்த்தருக்கே கொடுப்பேன் என்று பொருத்தனை பண்ணி, உதடு மட்டும் அசைய ஜெபித்தாள், ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொண்டான். பெண்ணின் பக்தியைப் பார்த்தவுடன் எடைபோடுவதில் ஆசாரியர்களே தவறியிருக்கிறார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்து நடந்தது. சாமுவேல் பிறந்த பிறகு, வருஷாந்திர பலிக்கு அவள் கணவன் எல்க்கானா வீட்டாரோடு புறப்படுகிறான். அன்னாள் வரவில்லை என்கிறாள். பிள்ளை பால் மறக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்கிறாள். கணவன் என்ன சொன்னான்? உனக்கு எது நல்லதாகத் தோன்றுகிறதோ அப்படிச் செய் என்றான். அவ்வளவுதான். பின்மாற்றக்காரி என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை வந்ததும் ஆண்டவரை மறந்துவிட்டாள் என்று சாட்சி நேரத்தில் யாரும் குத்திக்காட்டவில்லை. ஆராதனைக்குப் போகாமல் வீட்டில் பால் கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தையும் வேதம் அவள் பொருத்தனையின் பாகமாகவே எழுதிவைத்திருக்கிறது.

இப்போது எங்கள் நிலையைப் பாருங்கள். பிரசவம் முடிந்து கைப்பிள்ளையோடு இருக்கிறவள் மூன்று ஞாயிறு வராவிட்டால் 'என்னம்மா, ஆளையே காணோம்' என்ற குரலில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. படுக்கையில் இருக்கும் மாமியாரை விட்டு வர முடியாதவளுக்கும் அதே குரல்தான். எங்களுக்கு எல்க்கானாவின் பதில் வேண்டும். அது வீட்டிலிருந்து வராதபோது சபையிலிருந்தாவது வர வேண்டும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லியைப் பற்றிச் சொல்லாத அன்னையர் தினம் உண்டா? பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர், அதில் பலரைக் குழந்தையிலேயே பறிகொடுத்தவர். அவ்வளவு வேலைக்கு நடுவில் மேலங்கியைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பார் என்று சொல்வார்கள். 'அவரால் முடிந்தது, உங்களுக்கு இரண்டு பிள்ளைதானே' என்று முடிப்பீர்கள். அந்தத் துணிக்கு அப்படி என்ன சக்தி? தலைமேல் துணி விழுந்துவிட்டால் அம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. வீடு அடங்கியது, அவர் ஜெபித்தார். எங்கள் வீடுகளில் தலைமேல் போர்வையையே போட்டாலும் அதற்குள் ஒரு தலை நுழைந்து 'சார்ஜர் எங்கே' என்று கேட்கும். ஆகவே அந்தக் கதையைப் பெண்கள் கூட்டத்தில் நிறுத்திவிட்டு வாலிபர் கூட்டத்திலும் ஆண்கள் ஐக்கியத்திலும் சொல்லுங்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஜெபத்தில் உற்சாகம் இல்லை, வேதத்தைத் திறந்தால் தூக்கம் வருகிறது, எதிலும் பிடிப்பில்லை' என்று ஒரு பெண் உங்களிடம் வருகிறாள். உடனே உபவாசம் இருக்கச் சொல்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், எதையும் ஊன்றிப் படிக்க முடியாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார்கள், அதுவும் பெண்களுக்கே அதிகம் வருகிறது. மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் ராத்திரித் தூக்கம் கெடும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. இதில் எதுவும் ஆவிக்குரிய குறைவு அல்ல. 'ஜெபிப்போம்மா' என்று சொல்லுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அதே மூச்சில் 'ரத்தம் டெஸ்ட் எடுத்தியா?' என்றும் கேளுங்கள். ரத்தசோகைக்காரிக்கு உபவாசத்தைச் சொல்லி அனுப்பியவர்களை நான் அறிவேன், பெயர் வேண்டாம்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டவன். தீர்க்கதரிசியே அப்படிக் கேட்டான்! அவனுக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல. படுத்துத் தூங்கினான். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடு என்றான். தலைமாட்டில் சுட்ட அடையும் தண்ணீரும் தயாராக இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தான், யாரும் திட்டவில்லை. இரண்டாம் தடவையும் தூதன் வந்து எழுப்பி, சாப்பிடு, பயணம் உனக்கு ரொம்ப தூரம் என்றான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தூக்கம், சாப்பாடு, தூக்கம், சாப்பாடு, பிறகு தேவ சத்தம் என்பதுதான் வரிசை. அந்தச் சாப்பாட்டை எலியா சமைக்கவில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

'போன் பார்க்க நேரம் இருக்கிறதே' என்று உங்களில் யாராவது கேட்பீர்கள், தெரியும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டை விரலை மட்டும் அசைத்துக்கொண்டு கிடப்பது மிச்சமிருக்கும் நேரமே தவிர, படிக்கத் திராணியுள்ள நேரம் அல்ல. அந்த நேரத்தில் சங்கீதம் 119ஐத் திறந்தால் நாலாவது வசனத்தில் போன் முகத்தில் விழும். லிசியூ நகரத்துத் தெரேசா, 1897இல் 24 வயதில் இறந்துபோன கன்னியாஸ்திரி, ஜெப நேரத்தில் தூங்கிவிடுவாராம். அதற்காக மனம் உடைந்துபோகவில்லை. பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு ஒரே பிரியம்தானே என்று எழுதிவைத்தார். மடத்தில் ஜெபத்துக்கென்றே நேரம் வைத்திருந்தவருக்கே இந்த நிலை.

நாங்கள் சும்மா உட்கார்ந்து புகார் மட்டும் சொல்லவில்லை. பெண்கள் தங்களுக்குள் எத்தனையோ வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பஸ்ஸில் காதில் ஒலி வேதாகமம் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சங்கீதம் 117ல் இரண்டே வசனங்கள், அதை ஒரு வாரம் முழுவதும் சொல்லிச் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. வேலைக்கு நடுவில் தோழிக்கு அரை நிமிட வாய்ஸ் மெசேஜில் ஜெபம் அனுப்புகிறவர்கள் உண்டு. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதை இரண்டு பேராகச் சேர்ந்து நடந்து, அந்த நடையிலேயே ஜெபத்தையும் முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. வேதாகம ஆப் மட்டும் 'நீங்கள் தொடர்ச்சியை இழந்துவிட்டீர்கள்' என்று அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை அணைத்துவிடுவதே ஒரு நல்ல ஆவிக்குரிய பயிற்சி என்று நினைக்கிறேன். ஆனாலும் இதெல்லாம் இடுக்குகளில் கிடைக்கிற நேரம். ஓய்வுநாள் என்று தேவன் கட்டளையிட்டது இடுக்கு நேரத்தை அல்ல, முழு நாளை.

அந்தக் கட்டளையிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன் என்று எல்லாருக்கும் ஓய்வு. மனைவி என்ற சொல் மட்டும் இல்லை. 'நீ' என்பதிலேயே அவளும் அடக்கம் என்று விளக்கம் சொல்கிறார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது. நடைமுறையில் மாட்டுக்குக் கிடைத்த ஓய்வு அவளுக்குக் கிடைக்கவில்லை. ஞாயிறு காலையில் எல்லாரையும் எழுப்பி, குளிப்பாட்டி, உடை தேய்த்து, மத்தியானத்துக்கு முன்கூட்டியே எல்லாம் செய்துவைத்துவிட்டு, முதல் பாட்டு முடிந்தபின் மூச்சிரைக்க உள்ளே வருகிறவளைப் பார்த்து 'ஆராதனைக்கு நேரத்தோடு வாருங்கள்' என்று அறிவிப்பு வாசிக்கிறீர்கள். அவளுக்கு முன்பே நேரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் அவள் கணவர் அதற்கு ஆமென் சொல்கிறார்.

சரி, என்ன செய்யலாம்? கூட்டங்களைக் குறையுங்கள். வாரத்தில் இத்தனை கூட்டம் வேண்டுமா என்று கமிட்டியில் ஒரு தடவை உண்மையாகவே விவாதியுங்கள். எட்டரைக்கு முடியும் என்றால் எட்டரைக்கு முடியுங்கள், 'இன்னும் ஒரே ஒரு பாட்டு' வேண்டாம். கூட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆண்கள் முறைபோட்டு நிற்கட்டும். ஓய்வுநாள் பள்ளிக்கும், பின்கட்டு வேலைக்கும், பூ அலங்காரத்துக்கும் பெண்கள்தான் என்ற எழுதாத சட்டத்தை எடுத்துவிடுங்கள். ஒருத்தி 'இந்த வருஷம் ஊழியத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்றால் நன்றி சொல்லி விடுங்கள், அவளுக்காக உபவாச ஜெபம் அறிவிக்காதீர்கள். கல்யாணம் ஆகாதவளிடம் 'உனக்கென்ன, குடும்பமா குட்டியா' என்று எல்லாப் பொறுப்பையும் தள்ளாதீர்கள். அவளும் ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்க்கிறவள்தான்.

தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களையும் விதவைகளையும் தனியே சொல்ல வேண்டும். வேலையைப் பகிர்ந்துகொள் என்று நாங்கள் கணவனிடமாவது சண்டை போடலாம். அவர்களுக்கு அதற்கும் ஆள் இல்லை. அங்கே சபைதான் அந்த இன்னொருவராக நிற்க வேண்டும். விதவைகளைச் சந்திப்பது மாசில்லாத பக்தி என்று யாக்கோபு சொன்னாரே, வருஷத்துக்கு ஒரு நாள் புடவை கொடுத்து போட்டோ எடுப்பது அதில் எவ்வளவு தூரம் சேரும் என்று தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து விடுங்கள். அந்த இடைவெளியில் அவள் ஜெபித்தாளா தூங்கினாளா என்று விசாரிக்க வேண்டாம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, சபைக் கட்டடத்தில், பிள்ளைகளை ஆண்கள் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும். பெண்களுக்கு அந்த நேரத்தில் கூட்டமோ கருத்தரங்கோ எதுவும் வைக்க வேண்டாம். ஒரு தாளில் பெயர்களை எழுதி வாசலில் ஒட்டுங்கள். முதல் பெயர் போதகருடையதாக இருந்தால் மற்றவர்கள் தானாக எழுதுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒருத்தி